உட்கார்ந்திருக்கும் பிள்ளை

மார்ச் 17, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, வலது விலாவுக்குக் கீழே கை வைத்து, பிள்ளையின் தலை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. சின்னத் தேங்காய் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தது போல, கெட்டியாக, உருண்டையாக. மெல்ல அழுத்தினால் சற்று நகரும், பிறகு திரும்ப வந்து முட்டும். அதற்கப்புறம்தான் பல் தேய்க்கப் போனேன்.

சனிக்கிழமை ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சகுந்தலா திரையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. தலை மேல, பின்பக்கம் கீழ. இன்னும் ஆறு வாரம் இருக்கே, பொறுத்துப் பார்ப்போம். பெரும்பாலும் தானா திரும்பிடும்" என்றார்.

"திரும்பலைன்னா?"

"உனக்கு நாப்பத்திரண்டு வயசு. முதல் குழந்தை. ஆபரேஷன்தான்மா."

முதல் குழந்தை என்றுதான் எல்லாக் காகிதத்திலும் எழுதியிருக்கிறது. என் கணக்கு வேறு. அதை இங்கே எழுத வேண்டாம்.

ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். முட்டி போட்டு, நெஞ்சைக் கட்டிலில் பதித்து, இடுப்பை உயரத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் இருக்க வேண்டும். பலன் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டாராம், கெடுதல் கிடையாதாம். டாக்டர்கள் இப்படி நேர்மையாகப் பேசும்போதுதான் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

வெள்ளகோவில் வந்து சேர இருட்டிவிட்டது. அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, ஆபரேஷன் ஆகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் முதலில் அத்தை முகம் சுருங்கியது. பிறகு கேட்டார். "ஆபரேசன்னா நாள நாமளே வெச்சுக்கலாமாடா?"

"வெச்சுக்கலாம்னுதாம்மா நெனைக்கறேன்."

அத்தையின் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

விடுப்பில் இருந்தாலும் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்த அனுப்பிவிட்டார்கள். மனித இதயத்துக்கு மூன்று அறை என்று எழுதியிருந்தது ஒரு பிள்ளை. ஒரு மதிப்பெண் போட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

மார்ச் 19, புதன்

கால் வீங்கியிருக்கிறது. மெட்டியைக் கழற்ற சோப்பு நுரை போட வேண்டி வந்தது. வேறு எதுவும் செய்யவில்லை.

மார்ச் 22, சனி

முட்டி போட்டு இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்துவிட்டார்.

"என்ன கண்ணு, கட்டுலுக்கடியில எதாச்சும் உருண்டு போச்சா?" என்று அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.

"இல்லீங் அத்தை. கொழந்தை திரும்பறதுக்கு டாக்டர் இப்படிச் செய்யச் சொன்னாங்க."

அத்தை நிமிர்ந்தார். "அது பாட்டுக்கு நல்லாத்தான உக்காந்திருக்குது. அதய எதுக்குப் புடிச்சுத் தலகீழாக் கவுக்கோணும்?"

"எல்லாக் கொழந்தையும் தலகீழாத்தானுங் வரும்."

"வரட்டும். இது ஆபரேசன்ல வரப்போகுது. நீ எந்திரி, ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறிக்கும்."

எழுந்துவிட்டேன். வாக்குவாதத்துக்கு எழவில்லை, முட்டி வலித்தது.

அப்புறம் சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டே அத்தை விஷயத்துக்கு வந்தார். டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் ஏப்ரல் இருபத்தேழு. அது சித்திரை. "சித்திரையில தலச்சன் பையன் பொறந்தா அப்பனுக்கு ஆகாது கண்ணு. அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுல கம்பி வெச்சிருக்குது."

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் இவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அத்தைக்கு அது கம்பி.

"பொண்ணா இருந்தா ஒண்ணுமில்லீங்களா?"

"பையந்தான். உம் மொகம் கறுத்துக் கெடக்கறதப் பாத்தாலே தெரியுதே."

புதன்கிழமையே முத்தூர் பஸ்ஸில் போய் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சந்தைக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார். ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். சித்திரை பிறக்க இரண்டு மூன்று நாள் முன்னால். பிள்ளை உட்கார்ந்தே இருந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் பங்குனி. திரும்பிவிட்டால் வலி வருவதற்குக் காத்திருக்க வேண்டும், அது சித்திரையில்தான் வரும். அன்றைக்கு அந்த முகம் ஏன் விரிந்தது என்று இப்போது தெரிந்தது.

ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பதே இந்தச் சித்திரைக்குப் பயந்துதான். கல்யாணமாகிப் பதினேழு வருடமான பெண்ணை யார் அனுப்பப் போகிறார்கள்?

நான் விலங்கியல் படித்தவள். இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். நெஞ்சில் கம்பி என்ற இடத்தில் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 26, புதன்

நேற்று மதியம் திடீரென்று தூறல். எங்கள் கொப்பரைக் களத்தில் மூன்று லாரித் தேங்காய் உடைத்துக் காயப் போட்டிருந்தார்கள். கொப்பரை நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். ஆட்களோடு சேர்ந்து இவரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் கால் தடுக்கும் என்று கூப்பிடவில்லை. மழை பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

இரவு சாப்பிட வந்தபோது உடம்பெல்லாம் எண்ணெய் வாசம். கைகழுவிவிட்டுத் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றேன். வழக்கம்போல் "போதும்." இந்தப் பதினேழு வருடத்தில் அவர் மறுசோறு கேட்டதே இல்லை. நம் சமையல் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கதவைத் தாழிட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறேன். இடுப்பு வலிக்கு என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். இடுப்பு வலிக்கவும்தான் செய்கிறது.

மார்ச் 29, சனி

விக்கல். பிள்ளைக்கு. விலாவுக்குக் கீழே தட்டுத் தட்டென்று, யாரோ உள்ளிருந்து விரலால் சுண்டுவது போல. திருத்திய தாள்களைக் கட்டி வைத்தேன். விக்கல் நின்ற பிறகும் அது திரும்ப வருமா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஈரோடு. பிள்ளை திரும்பவில்லை. அதே சம்மணம்.

வெளியிலிருந்தே வயிற்றின் மேல் கை வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, அடுத்த வாரம் முயன்று பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர், "வேண்டாங்க டாக்டர். அதோட இஷ்டத்துக்கு இருக்கட்டுங்க" என்றார். பிறகு சட்டைப் பையில் இருந்த ஜோசியர் சீட்டைத் தொட்டுக்கொண்டே நாளைச் சொன்னார். பதினொன்று, ஒன்பதிலிருந்து பத்துக்குள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "உத்திரமா? அன்னிக்கு மட்டும் ஏற்கெனவே ஆறு பேர் கேட்டிருக்காங்க. எல்லாருக்கும் ஒன்பதுலருந்து பத்துக்குள்ளதான் வேணும். நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டருக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது போல. அந்த நாளுக்கு அப்புறமும் ஒன்றரை வாரம் பொறுத்து எடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்றார். ஆனால் இந்த நிலையில் வீட்டில் பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் வந்துவிடும் ஆபத்து உண்டு, ஈரோடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன் என்றார். "ஆனா சீக்கிரம் எடுக்கற குழந்தை மூச்சு விடச் சிரமப்படலாம். ரெண்டு மூணு நாள் கண்ணாடிப் பெட்டியில வைக்க வேண்டி வரலாம். இதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் நீங்க நாள் சொல்லணும்."

"சரிங்க டாக்டர்" என்றார் இவர்.

மருந்து வாங்க அவர் வெளியே போனதும் டாக்டர் என்னைப் பார்த்தார். "அன்னிக்குக் காலைல மறுபடி தொட்டுப் பார்ப்பேன். இந்த நேரத்துல திரும்பற குழந்தைகளும் இருக்கு. திரும்பியிருந்தா அவசரமா எடுக்க ஒரு காரணமும் கிடையாது. காத்திருக்கலாம். இல்ல, உன் வயசைச் சொல்லி அன்னிக்கே எடுக்கவும் செய்யலாம். நான் உன்கிட்டதான் கேட்பேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட இல்ல. யோசிச்சு வை."

"சரிங்க" என்றேன். நானும் அவரைப் போலவேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து விளக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டுதல். ஊரெல்லாம் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும். இந்த வீட்டில் திரும்பக் கூடாது என்று.

ஏப்ரல் 3, வியாழன்

எஸ்தர் டீச்சர் தாள்களை வாங்கிக்கொண்டு போக வந்தார். பதினோரு வருடமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"உன்னைப் பாத்தா பிள்ளை உண்டான மாதிரி தெரியல கலா, பூசணிக்காயத் திருடிச் சேலைக்குள்ள வச்ச மாதிரி இருக்கு" என்றார். சிரித்தால் அடிவயிறு இழுக்கிறது. இருந்தும் சிரித்தேன்.

சித்திரைக் கதையைச் சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "எங்க மாமியார் மட்டும் சும்மாவா? ஏழாம் மாசத்துல நான் கல்லறைத் தோட்டத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சொந்த அப்பாவுக்குப் பூ வைக்கப் போகல நான்" என்றார். பிறகு, "சரி, நீ என்ன நெனைக்கற?" என்று கேட்டார்.

நான் காபி ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

ஏப்ரல் 5, சனி

ஆஸ்பத்திரிப் பை கட்டினோம். நைட்டி மூன்று, ஃபிளாஸ்க், துண்டு, சோப்பு, ரிப்போர்ட்டுகள். பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது, உறுத்தும் என்று அத்தை பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி வைத்திருந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தோம்.

"இது உங்க மாமனோடது" என்றார் ஒன்றைக் கையில் எடுத்து. "நாப்பத்து மூணு வருசமாப் பொட்டியில கெடந்துது."

மாமனாரின் படம் கூடத்தில் இருக்கிறது. அவர் எப்படி இறந்தார் என்று இந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"கெணத்து மோட்டார்ல கரண்டு அடிச்சுப்போச்சு. இவனுக்கு அப்ப நாலு வயசு." மடிப்பை நீவிவிட்டார். "இவனும் சித்திரைதான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இவருடைய சான்றிதழில் ஜூன் ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. அந்தக் காலத்தில் பாதி ஊருக்கு அதுதான் பிறந்தநாள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை ஜாதகத்தைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். என் அப்பா பெயர் ராசிக்குப் பொருத்தம் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"கரையானுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அத்தை. "கருமாதி முடிஞ்ச அன்னிக்கு நாந்தான் அடுப்புல போட்டேன்."

"எந்தத் தேதிங் அத்தை?"

"சித்திரை ஒம்பது." யோசிக்காமல் வந்தது.

அடுத்த வேட்டியை எடுத்தோம். அத்தை என்னைப் பார்க்காமல் பேசினார். "சனம் எல்லாஞ் சொன்னாங்க. நானுஞ் சொன்னேன் கண்ணு. இருவத்தாறு வயசு எனக்கு. ஆத்திரம். தட்ட நீட்டிக்கிட்டு இன்னுங் கொஞ்சம் சோறு போடும்மானு வருவான். அப்பன முழுங்குனது உனக்குப் பத்தலையாடான்னு கேப்பேன்."

வேட்டியை இன்னொரு தடவை உதறினோம்.

"கெட்டியாப் புடி, சுருக்கம் விழுகுது" என்றார்.

பிடித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வயிறு ஒரு பக்கமாக எழும்பியது. வலி என்று சொல்ல முடியாது. மூட்டையைத் தோளுக்குத் தோள் மாற்றுகிறவர்கள் ஒரு கணம் மூச்சைப் பிடிப்பார்களே, அது உள்ளே நடந்தது போல. சேலைக்கு மேலேயே தெரிந்தது, ஏதோ ஒரு மேடு விலாவிலிருந்து குறுக்கே நகர்ந்து இடப்பக்கம் போனது. குமட்டியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

வெகுநேரம் தொட்டுப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு விக்கல் வந்தது. அடியில். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், தட்டுத் தட்டென்று.

விலாவுக்குக் கீழே கை வைத்தேன். அங்கே இப்போது இருப்பது மெத்தென்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு குதிகால் உதைத்தது. திரும்பிவிட்டது. மூன்று வாரம் முட்டி போட்டபோது அசையாதது, நான் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்த மதியத்தில் தானாகத் திரும்பிவிட்டது.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது. முகம் கழுவிவிட்டு இரவுக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

விக்கல் அடியில்தான்.

ஏப்ரல் 9, புதன்

பொழுதோடு களத்திலிருந்து வந்தவர் குளித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு என் காலடியில் உட்கார்ந்தார். வீக்கத்துக்குத் தேய்த்துவிடுவது இந்த ஒரு மாதமாக அவர் வேலை. வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

"அம்மா என்னமோ சொன்னாங்களாமா?" என்றார்.

"சொன்னாங்க."

கணுக்காலில் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தார். "நான் செத்துருவேன்னு பயந்துட்டு நாள் பாக்கறேன்னு நெனச்சுக்காத கலா. எனக்கு வர்றது எதுவும் பங்குனி, சித்திரை பாத்துட்டு வராது. அது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குங் இந்த அவசரம்?"

"எனக்கு எப்பவோ ஒரு நாள் ஆகத்தான போகுது. இருவது வருசங் கழிச்சே ஆகட்டும். அன்னிக்கு எழவுக்கு வர்ற சனம் மொதல்ல எம் பையனத்தான் பாக்கும். வாயில சொல்ல மாட்டாங்க. பாப்பாங்க." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதுக்குக் கண்ணாடிப் பெட்டியில ரெண்டு நாள் இருந்துட்டு வந்தாக்கூடப் பரவால்லீனு தோணுது."

எனக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. இப்போதே. திரும்பிடுச்சுங்க என்று ஒரே வார்த்தை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தினமும் செய்வதுபோல், என் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். அங்கேதான் தலை என்று டாக்டர் காட்டிக் கொடுத்த இடம்.

"தூங்கறானாட்ட இருக்குது" என்றார் தாழ்ந்த குரலில். "இன்னிக்கென்ன மண்டை மெத்துனு இருக்குது?"

"வளருதில்லீங்க" என்றேன்.

அவர் அந்த இடத்தை இரண்டு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினார். "உங்களுக்கு ரெண்டாவது நம்பர் மேடம், ஒன்பதே கால். மொத நம்பர்காரங்க உங்களுக்கு ஏழு நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார், சினிமா டிக்கெட் தராததற்கு வருந்துவது போல.

கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடப்பவர்கள் காலையிலிருந்தே மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளை உள்ளே நெளிகிறது. இவர் களத்து வாசலில் மோர்ப்பந்தல் போட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பையன் டம்ளரைத் திரும்ப நீட்ட, இவர் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு விளிம்பு வரை ஊற்றினார்.

மத்தியானம் அத்தை விபூதி எடுத்து வந்தார். நெற்றியில் வைத்துவிட்டு, வயிற்றிலும் பூசினார். மேலிருந்து கீழாக. அடிவயிற்றில் அவர் கை கொஞ்சம் நின்றது. மறுபடி மேலே போனது. திரும்பக் கீழே வந்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை எண்ணெயா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில் எண்ணெய் எதுவும் இல்லை.

சாயந்தரம் சமையலறையிலிருந்து கேட்டார். "கண்ணு, நாளைக்கு மத்தியானத்துக்கு எத்தன பேருக்குச் சோறு வெக்கோணும்? மூணு பேருக்கும் வெச்சரட்டா?"

அத்தைக்கு மறதி கூடிவிட்டது. நாளைக்கு மத்தியானம் இந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? விளக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் துணி முடிச்சையும் காணோம். பையில் எடுத்து வைத்திருப்பார். பையைத் திறந்து பார்த்தேன். இல்லை. எங்கேயாவது வைத்திருப்பார்.

இப்போது ஏழு மணி. இவர் காருக்கு டீசல் போடப் போயிருக்கிறார். இதை எழுதி முடித்துவிட்டு இட்லி சாப்பிட வேண்டும்.

பயமில்லை என்று எழுத முடியாது. மழையில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிய முதுகுதான் கண்ணில் நிற்கிறது. வரும் வருடம் அவருக்கு ஏதாவது ஆனால், இந்தப் படிப்பெல்லாம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நானே அந்தப் பிள்ளையை ஒரு கணம் அப்படிப் பார்த்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. அத்தை பார்த்தாரே. அத்தை கெட்டவர் இல்லை.

ஆனால் இதற்கு முன்னால் இரண்டு. ஒன்று நாலாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். எந்தக் காகிதத்திலும் அவை பிள்ளைக் கணக்கில் வரவில்லை. இரண்டும் நாள் வருமுன்னே கிளம்பிப் போனவை. இது ஒன்றுதான் இவ்வளவு நாள் என்னோடு தங்கியிருக்கிறது. எல்லாரும் உட்கார் என்று சொன்னபோது தானாகத் திரும்பி, வர வேண்டிய வழிக்குத் தலையை வைத்துக் காத்திருக்கிறது. அதைப் போய் நானே பாதியில் எழுப்பிக் கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைக்க மாட்டேன்.

நாளைக் காலை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்பார். காத்திருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். இவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். வந்து சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்துக்கொள்கிறேன். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று பேருக்கும் சோறு இருக்கும்.

பிள்ளை எந்த நாளில் வரும் என்று எனக்குத் தெரியாது. சித்திரை ஒன்பது எப்போது வரும் என்று தெரியும். காலண்டரில் பார்த்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வயிற்றோடு இருந்தாலும் சரி, கையில் பிள்ளையோடு இருந்தாலும் சரி, இந்த வீட்டில் பாயசம் வைக்கப் போகிறேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டால், உங்கள் பிறந்தநாள் என்று அத்தை இருக்கும்போதே சொல்லுவேன். வெல்லம் குறைத்துப் போட்டால் அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு டம்ளரோடு போதும் என்பார். கேட்காமலே இரண்டாவது டம்ளரும் ஊற்றுவேன், விளிம்பு வரை.